பன்னிரண்டாம் கேள்விக்குப் பதில்

மணி என்ன அண்ணாச்சி? பத்தே முக்காலா? இன்னும் கயத்தாறே வரல. இந்த டிரைவரு இதுக்கு முந்தி மாட்டு வண்டிதான் ஓட்டியிருக்கணும். அந்தச் சன்னலை இழுத்து விட்டுருங்க. காத்து வேண்டாம்னு இல்ல, என் மடியில கவர் இருக்கு. பறந்துரக் கூடாது.

நீங்களும் மதுரைதானா? நல்லதாப் போச்சு. எனக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு ஆபீஸ்ல இதைக் குடுக்கணும். இன்னைக்குத்தான் கடைசி நாளு. எந்த ஆபீஸ்னு கேக்காதிய. சொல்லக் கூடாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எடம். மத்திய அரசு. எம்மவ செண்பகவல்லிக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு. கிடைச்சிருக்குன்னும் சொல்லலாம், கிடைக்கலன்னும் சொல்லலாம். பரிச்சையில பாஸாயிட்டா, நேர்முகத்துல பாஸாயிட்டா, டாக்டரு கண்ணு, காது, பல்லு எல்லாம் பாத்து சரின்னுட்டாரு. பாதுகாப்பு அனுமதி மட்டும்தான் பாக்கி. அந்த மட்டும்தான் இப்ப எங்க வீட்ல யாரையும் சோறு திங்க விடல.

என் பேரு ஆவுடையப்பன். எங்க ஊரு தாலுகா ஆபீஸுக்கு முன்னால வேப்பமரத்தடியில மேசை போட்டு உக்காந்திருப்பேன். மனு எழுதுத வேலை. முப்பத்திரண்டு வருசம். பட்டா, வாரிசு, முதியோர் பணம், ரேஷன் கார்டுல பேரு சேக்க, பேரு நீக்க, எல்லாம் இந்தக் கைதான். தாசில்தார் எத்தனை பேரு மாறியாச்சு, மரத்தடி மாறல. என் எழுத்தைப் பாத்தாலே உள்ள இருக்கவங்க, 'இது ஆவுடையப்பன் மனு, சரியாத்தான் இருக்கும்'னு சீல் குத்திருவாவ. பெருமைக்குச் சொல்லல. பெருமைக்குத்தான் சொல்லுதேன்னு வச்சுக்கிடுங்களேன், என்ன இப்ப?

இந்தத் தொழில்ல ஒரு சூட்சுமம் இருக்கு. படிவம் கேக்கும்: இது உண்டா, அது உண்டா, கடன் உண்டா, வழக்கு உண்டா. 'இல்லை'ன்னு எழுதினா அதோட முடிஞ்சுது. 'ஆம்'னு எழுதினீங்கன்னு வைங்க, பக்கத்துலயே பொடி எழுத்துல போட்டிருப்பான், 'ஆம் எனில் விவரத்தைத் தனித்தாளில் இணைக்கவும்'னு. தனித்தாள் இணைச்சா அதுக்கு ஒரு விளக்கம் கேப்பான், விளக்கத்துக்கு ஒரு சான்று கேப்பான், சான்றுக்கு வி.ஏ.ஓ. கையெழுத்து. வி.ஏ.ஓ. எந்நேரமும் மீட்டிங்ல இருப்பாரு. அதனால என் மேசையில நான் 'ஆம்'னு எழுதினதே கிடையாது. சனங்களும் என்னைக் கும்பிட்டுட்டுத்தான் போவாங்க.

எம்மவளுக்கு வந்த படிவம் எட்டுப் பக்கம். தமிழ்லயே நிரப்பலாம்னு போட்டிருந்துச்சு. பொறந்த தேதியில இருந்து படிச்ச பள்ளிக்கூடம், இருந்த வீடு, சொந்தக்காரன் எவனாவது வெளிநாட்ல இருக்கானா, எல்லாம் கேட்டிருந்தான். பன்னிரண்டாவது கேள்விதான் சனியன். 'தாங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டோ, காவலில் வைக்கப்பட்டோ இருந்ததுண்டா?'

எங்க வீட்ல ஒரு வழக்கம் அண்ணாச்சி. எந்தப் படிவம் வந்தாலும் முதல்ல பென்சில்ல எழுதுவோம். அப்புறம் நான் மையில ஏத்துவேன். அவ மூணாம் வகுப்பு படிக்கும்போது ஸ்காலர்ஷிப் படிவத்துல இருந்து அப்படித்தான். இதையும் பென்சில்ல எழுதி, கடைசிப் பக்கத்துல கையெழுத்து மட்டும் பேனாவுல போட்டு, 'அப்பா, நான் எழுதினதை அப்படியே மையில ஏத்திருங்க'ன்னு குடுத்துட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருக்கா.

நான் ஏத்திக்கிட்டே வாரேன், பன்னிரண்டாம் கேள்விக்கு 'ஆம்'னு எழுதி வச்சிருக்கா! பேனாவை மூடி வச்சுட்டேன்.

இருங்க, இருங்க. நீங்க நினைக்க மாதிரி எம்மவ களவாணி இல்ல. விசயம் வேற. அவ காலேஜ்ல ரெண்டாம் வருசம் படிக்கும்போது, எங்க ஊரு பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில ஒரு மதுக்கடை இருந்துச்சு. பொம்பளையெல்லாம் சேர்ந்து ரோட்டுல உக்காந்துட்டாவ. இவளும் போயி உக்காந்துட்டா. போலீஸ் வந்து பஸ்ஸுல ஏத்தி, ஒரு கல்யாண மண்டபத்துல கொண்டு வச்சாவ. வழக்கமா நடக்குறதுதானே. மத்தியானம் தக்காளி சாதப் பொட்டலம் குடுத்தாவ, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாவ. கேஸும் இல்ல, கோர்ட்டும் இல்ல. மண்டபத்துல இருந்ததெல்லாம் காவலாய்யா? மேல ஃபேன் ஓடுச்சு. மொய் எழுதுத மேசை கூட அப்படியே கிடந்துச்சு. அந்த மேசையிலதான நான் உக்காந்து…

என்னமோ சொல்ல வந்தேன். ஆங், 'ஆம்'.

ரப்பரை எடுத்தேன். அழிச்சேன். 'இல்லை'ன்னு எழுதினேன். ஒரு தகப்பன் வேற என்ன செய்வான், சொல்லுங்க. எட்டுப் பக்கத்தையும் மை காய வச்சு, கவருல போட்டு, ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். அவகிட்ட சொல்லல. சொன்னா கிழிச்சுப் போட்டுட்டு மறுபடியும் எழுதுவா, தெரியும். அப்படி ஒரு பிடிவாதம். அவ அம்மா கோமு மாதிரி. நான் அப்படி இல்ல.

ஏன் நின்னுட்டான்? கயத்தாறா? ஏறுதவன் சட்டுன்னு ஏற வேண்டாமா. மூட்டையோட வாரான் பாருங்க. மணி என்ன?

ஒரு மாசம் சத்தமே இல்ல. அப்புறம் விசாரணைக்கு ஆள் வருவாருன்னு கேள்விப்பட்டேன். போலீஸ் தனிப்பிரிவுல இருந்து, சாதாரண வேட்டி சட்டையில வந்து, அக்கம் பக்கத்துல பொண்ணு எப்படின்னு விசாரிப்பாவ. நான் சும்மா இருப்பேனா? தெருவுல ஏழு வீட்டுக்கும் போயி சொல்லி வச்சேன். 'யாரு வந்து கேட்டாலும் ஒரே பதிலு: அது இருக்க எடம் தெரியாது, எந்த வம்புக்கும் போகாத பொண்ணு.' எல்லாரும் சரின்னாவ. எதுத்த வீட்டுப் பேச்சித்தாயிகிட்ட ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கிளிப்பிள்ளை கணக்கா ஒப்பிச்சா.

வந்தவரு பேரு கொம்பையா. ஆளு பாக்க விதைநெல் வாங்க வந்த சம்சாரி மாதிரி இருந்தாரு. ஆறு வீட்ல ஒரே பதிலு. 'இருக்க எடம் தெரியாது, எந்த வம்புக்கும் போகாத பொண்ணு.' ஆறாவது வீட்ல அவருக்கே சிரிப்பு வந்துட்டாம். ஏழாவதா பேச்சித்தாயி. அவ என்ன சொன்னா தெரியுமா? 'யாரு, எங்க செண்பகமா? இருக்க எடம் தெரியாதாவது! அவ ஒரு ஆளு ரோட்டுல உக்காந்து பேசலன்னா அந்தக் கடை இன்னைக்கும் அங்கதான் இருக்கும். மண்டபத்துல எங்க பக்கத்துலதான் நாள் பூரா இருந்தா. இந்த மாதிரிப் பிள்ளைக்கு வேலை குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறிய?'

பாத்தியளா அண்ணாச்சி! நாக்குல சனி. நான் போயிக் கேட்டா, 'நல்லதைத்தானே சொன்னேன், இதுல மறைக்க என்ன இருக்கு'ங்கா. நல்லதை எங்க சொல்லணும், எங்க சொல்லக் கூடாதுன்னு ஒரு இது வேண்டாமா? அவ வாயை மூடியிருந்தா நான் இன்னைக்கு இந்த பஸ்ஸுல வர வேண்டிய தேவையே இல்ல. எல்லாத்துக்கும் காரணம் அவதான்.

மூணு நாள் கழிச்சு கொம்பையா நேரா மரத்தடிக்கு வந்தாரு. மேசையில ரெண்டு நகலை எடுத்து வச்சாரு. ஒண்ணு படிவம், பன்னிரண்டாம் கேள்வி இருக்க பக்கம். இன்னொண்ணு, மண்டபத்துல வச்சிருந்தவங்க பேரு பட்டியல். ஸ்டேஷன்ல தேடி எடுத்திருக்காரு. நாப்பத்து மூணு பொம்பளைங்க. தகப்பன் பேரு, புருசன் பேரு, கதவு எண், தெரு, வயசு, ஒண்ணு விடாம. பதினேழாவது பேரு செண்பகவல்லி, தகப்பனார் ஆவுடையப்பன்.

'அண்ணாச்சி, இது ரெண்டும் யாரு எழுதினது?'ன்னாரு.

அந்தப் பட்டியலை எழுதினதும் நான்தான்.

சிரிக்கியளா? சிரிங்க. அன்னைக்கு மண்டபத்துக்கு நான் மகளைப் பாக்கப் போனேன். அங்க ஒரு ஏட்டு, மொய் மேசையில உக்காந்து பேரு எழுதுதேன்னு திணறிக்கிட்டு இருந்தாரு. கோழி கிளறின மாதிரி எழுத்து. பாக்கப் பொறுக்கல. 'தள்ளுங்க, நான் எழுதித் தாரேன்'னு உக்காந்துட்டேன். கோடு போட்டு, வரிசை எண் போட்டு, முத்து முத்தா எழுதிக் குடுத்தேன். செண்பகம் முறை வந்தப்ப அந்த ஏட்டே சொன்னாரு, 'அண்ணாச்சி, காலேஜ் படிக்கிற பிள்ளை, பேரை விட்டுருவோமா?'ன்னு. நான்தான், 'தலையை எண்ணினா நாப்பத்து மூணு, பட்டியல்ல நாப்பத்து ரெண்டுன்னு இருக்கலாமா? பட்டியல்னா பட்டியல்'னேன். இன்ஸ்பெக்டர் பாத்துட்டு, 'இப்படி ஒரு பட்டியல் நம்ம ஸ்டேஷன்ல இருந்ததே இல்ல'ன்னாரு. அதை நாலு வருசமா பத்திரமா வச்சிருக்காவ பாருங்க. நல்லா எழுதினா இதான் வினை.

கொம்பையா நல்ல மனுசன். 'அண்ணாச்சி, மண்டபத்துல இருந்ததை எழுதியிருந்தா ஒண்ணுமே இல்ல. கேஸ் இல்ல, ஒரு வரியில தள்ளியிருப்பாவ. இல்லைன்னு எழுதினதுதான் வில்லங்கம். கீழ என் கைப்பட எழுதினதுன்னு பிள்ளை கையெழுத்து வேற இருக்கு. நான் ரெண்டு தாளையும் சேத்துத்தான் மேல அனுப்பணும்'னாரு. காப்பி வாங்கிக் குடுத்தேன். குடிக்காம போயிட்டாரு.

இதை நான் வீட்ல சொல்லல. சொல்லி என்ன ஆகப் போகுது? பொம்பளைங்க பயப்படுவாவ.

ரெண்டு வாரத்துக்கு முன்னால நோட்டீஸ் வந்துச்சு. 'பன்னிரண்டாம் கேள்விக்கு உண்மைக்கு மாறான தகவல் தந்தது குறித்து பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' அப்பத்தான் அவளுக்கே தெரியும், நான் அழிச்சது. கத்துவான்னு பாத்தேன். கத்தல. அந்தப் பென்சில் டப்பாவை எடுத்து அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டினா. 'ஏம்ப்பா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டா. அதுக்கு நான்… கோவத்துல ஒண்ணு சொன்னேன். அது இப்ப எதுக்கு? அன்னையில இருந்து எங்கூடப் பேச்சு இல்ல. சோத்தை வச்சுட்டுப் போறா, கேட்டதுக்குத் தலையை ஆட்டுதா. இந்த ஊரு பூரா எங்கிட்ட வந்து பேசுது, எம்மவ பேச மாட்டேங்கா. ராத்திரி பகலா நிலை கொள்ளல அண்ணாச்சி. மரத்தடியில உக்காந்தா வீட்டுக்குப் போகலாம்னு இருக்கு, வீட்டுக்குப் போனா மரத்தடிக்கே போயிரலாம்னு இருக்கு.

விளக்கத்தை அவளே எழுதினா. என் மேசைப் பக்கம் வரல. நேத்துத்தான் முடிச்சா. தபால்ல போட்டா இன்னைக்குள்ள போவாதுன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன், 'ஏட்டி, நான் நேர்ல கொண்டு குடுத்து, நகல்ல சீல் வாங்கிட்டு வாரேன்'னு. கவரை ஒட்டி, ஒட்டின எடத்துல குறுக்கால கையெழுத்துப் போட்டுக் குடுத்தா. எவனாவது பிரிச்சா தெரியணும்னு நான் சொல்லிக் குடுத்ததுதான். எனக்கே போடுதா. கோமுகிட்ட சொல்லி விடுதா, எங்கிட்ட நேராச் சொல்லல: 'அப்பா அதைப் படிக்கக் கூடாதுன்னு சொல்லும்மா.'

நான் படிக்கல. சத்தியமா. சீல் வாங்குததுக்கு இந்த நகல் மட்டும் தனியா இருக்கு, சும்மா மடிச்சு ஒரு குண்டூசி குத்தியிருக்கா. திருநெல்வேலியில இருந்து இது என் சட்டைப் பையில இருக்கு. நெஞ்சுல அனலை வச்சிருக்க மாதிரி இருக்கு. என்னைப் பத்தி என்ன எழுதியிருப்பா? 'என் தகப்பன் ஏமாத்திட்டான்'னு எழுதியிருப்பா. எழுதட்டும். எழுதினா சரிதான். இருந்தாலும் எந்த வார்த்தையில எழுதியிருக்கான்னு ஒரு இது.

அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா? நான் படிக்கக் கூடாதுன்னுதான் சொன்னா. நீங்க படிக்கக் கூடாதுன்னு சொல்லல.

அட, வாங்குங்க. கண்ணாடி இருக்குல்லா? குண்டூசியைப் பாத்து எடுங்க, அதே ஓட்டையில திருப்பிக் குத்தணும். சத்தமாப் படிங்க. ரொம்பச் சத்தமா வேண்டாம்.

ம்… ம்… மண்டபத்துல இருந்ததைச் சொல்லிட்டா. சரி. தேதி போட்டிருக்காளா? போட்டிருப்பா. ம்… மேல படிங்க.

என்னது?

திருப்பிப் படிங்க.

'படிவத்தை நானே என் கைப்பட நிரப்பினேன். 'இல்லை' என்று எழுதியது என் தவறு. இதில் வேறு எவருக்கும் பங்கில்லை.'

வேறு எவருக்கும் பங்கில்லையா. அப்படியா எழுதியிருக்கா?

கொஞ்சம் தண்ணி இருக்கா அண்ணாச்சி?

அன்னைக்குக் கோவத்துல என்ன சொன்னேன்னு கேட்டியள்லா. நீங்க கேக்கல, நானே சொல்லுதேன். 'ஏம்ப்பா'ன்னு கேட்டாள்லா, அதுக்கு நான், 'என் பேரை இழுத்து விட்டுராத. பொய்ப் படிவம் எழுதினவன்னு தெரிஞ்சா மரத்தடியில ஒரு நாய் கூட வந்து நிக்காது. எனக்கு இருக்கது அந்தப் பேரு ஒண்ணுதான்'னு கத்தினேன். அவ வேலை போகப் போகுது, நான் என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு நின்னேன். அதைக் கேட்டுக்கிட்டுத்தான் உள்ள போனா. ரெண்டு வாரமா பேசாம இருந்து, கடைசியில இதை எழுதி வச்சிருக்கா. பாவி மக. ஒரு சின்னப் பொய்யும் வாயில வராது அவளுக்கு. எனக்காவ எழுதியிருக்கா.

அண்ணாச்சி, இது போனா அவ தொலைஞ்சா. ரெண்டு தாளும் அங்க இருக்குல்லா! பட்டியலும் படிவமும் ஒரே கை. கொம்பையா அனுப்பிட்டாரு. அவளுக்கு அது தெரியாது. நான் சொல்லல. 'என் கைப்பட நிரப்பினேன்'னு இதைக் கொண்டு குடுத்தா, மூணு தாளையும் வரிசையா வச்சுப் பாப்பான். முதப் பொய் நான் சொன்னது. இது அவ சொன்னதாயிரும். நானே என் கையால கொண்டு குடுத்து, சீலும் வாங்கிட்டு வந்திருப்பேன்.

மணி என்ன? பன்னிரண்டேகாலா? அவளுக்குச் சாப்பாட்டு நேரம். போனை எங்க வச்சேன்… எடுக்க மாட்டா. ரெண்டு வாரமா எடுக்கல.

முத மணியிலயே எடுத்துட்டா அண்ணாச்சி.

ஏட்டி… நான்தான். ஒண்ணும் ஆகல. பஸ்ஸுலதான் இருக்கேன், சாத்தூர் தாண்டியாச்சு. கேளு. நீ இப்பவே புறப்படு. லீவு தரலன்னா எழுதிக் குடுத்துட்டு வா. ஒன்றரை மணிக்குள்ள பஸ்ஸைப் பிடிச்சா நாலரைக்கு வந்துரலாம். இந்தக் கவரை நான் குடுக்கல. குடுக்க மாட்டேன். நீ வேற எழுதணும். உங்கைப்பட. 'எங்க அப்பாதான் எழுதினாரு, நான் ஆம்னு எழுதினதை அவருதான் அழிச்சாரு'ன்னு எழுதணும்… இல்லட்டி. என் பேரு போவட்டும். நான் அன்னைக்குச் சொன்னதை மனசுல வைக்காத… அந்தப் பட்டியலை எழுதினது நான்தான்னு உனக்குத் தெரியும்லா, அது இப்ப அவங்க கையில இருக்கு… ஆமா, எனக்குத் தெரியும். முந்தியே தெரியும். சொல்லல. தப்புதான்… என்னது? இல்லம்மா, நான் படிக்கல. நீ படிக்கக் கூடாதுன்னு சொன்னியே. பக்கத்துல ஒரு அண்ணாச்சி படிச்சாரு.

வச்சுட்டா.

இல்ல, கோவத்துல வைக்கல. 'அப்பா'ன்னா. அப்புறம், 'வாரேன், வாசல்லயே நில்லுங்க'ன்னா.

சரி. இப்ப இந்தப் பையை மடியில வச்சுக்கிடுங்க. அட்டை இருக்கு, தாள் இருக்கு, பேனா மூணு இருக்கு. நானும் ஒண்ணு எழுதி அதோட சேத்துக் குடுக்கணும். ஊருக்கெல்லாம் எழுதினேன், எனக்குன்னு ஒண்ணு எழுதினதில்ல பாருங்க. அனுப்புநர், ஆவுடையப்பன், மனு எழுதுபவர். பெறுநர் எழுதிரலாம். பொருள்… பொருள் என்ன போட? பன்னிரண்டாம் கேள்வி. என் மகள் எழுதிய பதில் 'ஆம்'. அதை அழித்தது நான்.

எழுத்து வரியில நிக்கல. பரவால்ல, கோணலா இருந்தாலும் இது எந்தக் கைன்னு அவங்களுக்குத் தெரியும்.

விவரத்தைத் தனித்தாளில் இணைக்கணும்லா, இணைச்சிருவோம். அட்டையைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க அண்ணாச்சி, பஸ்ஸு குலுக்குது.